காலிஸ்டோகாவில் யார் எங்கே தங்குவது

இந்த நாட்டில் வெளியூரில் ஓர் இரவு தூங்க வேண்டுமென்றால், அந்தக் கட்டிலில் நமக்கு முன்னால் தூங்கியவர்கள் இணையத்தில் எழுதிவைத்திருக்கும் குறைகளை முதலில் படித்தாக வேண்டும். முகம் தெரியாத மனிதர்கள், ஊர் பேர் தெரியாதவர்கள், நம்மீது இவ்வளவு அக்கறை வைத்திருப்பது எனக்கு ஆரம்பத்தில் கண்ணீரையே வரவழைத்தது. ஒரு சீமாட்டி, தலையணை தன் கழுத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று வருந்தியிருந்தார். விடியற்காலையில் பறவைகள் கத்துகின்றன என்பதற்காக ஒருவர் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். பறவைகளை நிர்வாகம் கண்டித்ததா என்று தெரியவில்லை. கந்தக வெந்நீர் ஊற்றில் குளிக்கவென்றே இருநூறு மைல் கார் ஓட்டி வந்த இன்னொருவர், தண்ணீரில் கந்தக வாடை அடிப்பதாகப் புகார் எழுதியிருந்தார். வேதியியலில் முதுகலை படித்தவள் என்ற முறையில் அவருக்கு ஒரு பதில் எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

குபெர்டினோவில் எங்கள் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில், இரண்டாயிரத்து ஒன்பது தொடங்கிய அந்தக் குளிர்காலத்தில், மாலை நேரங்களை நான் இப்படித்தான் கழித்தேன். பிப்ரவரியில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் நிறைகிறது. என் கணவர் ரியாஸ் மென்பொருள் பொறியாளர். எதையும் அவராகக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை, ஆனால் அந்த முறை, "எதாவது வேணுமா நசீமா?" என்று கேட்டுவிட்டார். நகையோ புடவையோ சொல்வேன் என்று நினைத்திருப்பார். வடக்கே நாப்பா பள்ளத்தாக்கில், வெந்நீர் ஊற்றும் சேற்றுக் குளியலும் இருக்கிற காலிஸ்டோகா என்ற சின்ன ஊரில் இரண்டு நாள் தங்க வேண்டும் என்றேன். நாம் இரண்டு பேரும் மட்டும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அது சொல்லாமலே புரியும் என்று நம்புகிற அளவுக்கு நான் அப்போதும் வெகுளியாக இருந்தேன்.

ஊரைப் பற்றிச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஊர் முழுக்கத் திராட்சை மது, அங்கே மேலப்பாளையத்துப் பிள்ளைக்கு என்ன வேலை? நியாயமான கேள்விதான். அடியில் எரிமலைச் சாம்பலும், மேலே திராட்சைக் கொடியும், நடுவில் குடித்துவிட்டு ஆராய்ச்சி பேசுகிறவர்களும் நிறைந்த ஊர் அது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மது அல்ல, பூட்டுப் போடக்கூடிய ஒரு கதவு.

கல்யாணமான வருடம் குற்றாலச் சீசனுக்குப் போனோம். தேனிலவு என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார்கள். வேன் நிறைய மாமனார், மாமி, மச்சான், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள், பிரியாணிச் சட்டி. எங்கே தங்குவது என்ற கேள்வியை மச்சான் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தீர்த்துவைத்தார். யாருடைய விமர்சனத்தையும் படிக்கவில்லை. "தண்ணி வருமா?" என்று கேட்டார், வரும் என்றார்கள், வீடு எங்களுடையதாகிவிட்டது. பெண்கள் எல்லோரும் ஓர் அறை, ஆண்கள் எல்லோரும் ஓர் அறை. என் புது மாப்பிள்ளையை நான் சாப்பாட்டு நேரத்தில் சந்தித்தேன். பெண்கள் அருவியில் நானும், ஆண்கள் அருவியில் அவரும் தனித்தனியே நனைந்து தேனிலவை இனிதே நிறைவேற்றினோம்.

பிறகு அமெரிக்கா. இங்கே தனிமைக்குப் பஞ்சமில்லை என்பார்கள். உண்மைதான்; அவர் அலுவலகத்திலும் நான் வீட்டிலுமாகத் தனித்தனியே நிறைய அனுபவித்தோம். கணவனை அண்டி வந்தவள் வேலை பார்க்கக் கூடாது என்று என் விசாவில் எழுதியிருந்ததால், ஏழு வருடம் நான் சாம்பாரின் அமிலத்தன்மையை மட்டும் ஆராய்ந்துகொண்டிருந்தேன். கிரீன்கார்டு வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுக்கும் வேலை அனுமதி அதற்கு முந்தின வருடம்தான் கைக்கு வந்தது. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. மாணவர்கள் உடைத்த கண்ணாடிக் குடுவைகளைப் பொறுக்குவதும், கரைசல்கள் கலந்து வைப்பதும் என் பொறுப்பு. முதல் நாள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கழிப்பறைக் கண்ணாடி முன்னால் அவசியத்துக்கு அதிகமாகவே நின்றேன்.

தங்குமிட ஆராய்ச்சியில் என் முதல் கண்டுபிடிப்பு ஒரு மலையடிவார வெந்நீர் விடுதி. படத்தில் மரங்கள், ஆவி பறக்கும் குளம், ஓர் அமைதி. கீழே 'குளோதிங் ஆப்ஷனல்' என்று போட்டிருந்தது. நீச்சலுடை போட்டுத்தான் இறங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாத இடம், உடுத்துவது நம் இஷ்டம் என்று நான் புரிந்துகொண்டு உருகிப்போனேன். நம்மைப் போன்றவர்களையும் நினைத்துப் பார்க்கிறார்களே என்று தொலைபேசியில் அழைத்தேன்.

"முழுக்கை, முழு பேண்ட், தலைத்துணியோடும் இறங்கலாமா?" என்று கேட்டேன்.

"கண்டிப்பா, ஹனி. உங்களுக்கு எது வசதியோ அது," என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் நிறுத்தி, "பெரும்பாலும் யாரும் அவ்வளவு சிரமப்படுறதில்ல," என்றாள்.

இரவு உணவின்போது இந்த நற்செய்தியை ரியாசிடம் பெருமையோடு சொன்னேன். அவருக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்து, தலையைத் தட்டிக்கொண்டு, பக்கத்தில் மகள் இருப்பதைப் பார்த்து, "அங்க உடுத்தாம இருக்குறதும் இஷ்டம்னு அர்த்தம்," என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்தில் மகள் மட்டும் இல்லை. ஆறு மாத விசாவில் வந்திருந்த அவருடைய உம்மாவும், அதாவது என் மாமியும் அதே மேசையில்தான் இருந்தார். மாமிக்கு முட்டி வலி. வெந்நீர் ஊற்று என்ற சொல் காதில் விழுந்ததுமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சுடுதண்ணியா? தானா வருதா? முட்டிக்கு நல்லதாச்சே," என்றார். ரியாஸ் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன். "உம்மாவத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" என்று பிறகு சமையலறையில் மெதுவாகக் கேட்டார். மாமி வந்தால், அவர் பொறுப்பில் விட்டுப்போக நினைத்திருந்த எங்கள் ஏழு வயது மகள் சஃபாவும் வருவாள். குற்றாலம் கலிபோர்னியாவுக்கு இடம் மாறிவிட்டது. வேன் மட்டும்தான் பாக்கி.

அதன்பிறகு தேடல் இன்னும் சிக்கலானது. ரியாசுக்குப் பிடித்தது ஊர் நடுவில் வெந்நீர்க் குளத்தோடு இருந்த பழைய மோட்டல். அறைக்குள்ளேயே சின்ன அடுப்பு உண்டு, உம்மாவுக்குச் சோறு வைக்கலாம் என்றார். பத்தாம் ஆண்டு நிறைவிலும் சோறு வடிக்கும் வாய்ப்பை எனக்கு ஏற்படுத்தித் தர நினைத்த அந்த அன்பை என்னவென்று சொல்வது? நான் பிடிவாதமாக, நூறு வருடப் பழைய மரவீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், அதாவது அறையோடு காலை உணவும் தரும் வீட்டு விடுதி. லேஸ் திரை, கொல்லையில் ரோஜா, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூவின் பெயர். இரண்டு அறைகள் பதிவு செய்தோம்: ஒன்று எங்களுக்கு, இன்னொன்று மாமிக்கும் சஃபாவுக்கும். 'குழந்தைகளுக்கு ஏற்றதல்ல' என்று ஒரு வரி இருந்தது. அதை 'படியில் கவனம்' என்பதுபோன்ற ஓர் ஆலோசனை என்று எடுத்துக்கொண்டோம். குறிப்பு எழுதும் கட்டத்தில், பத்தாவது திருமண நாள் என்று நான்தான் தட்டினேன்.

போன அன்று தூறிக்கொண்டிருந்தது. திராட்சைக் கொடிகள் இலையில்லாமல் கட்டைகட்டையாக நின்றன. வரிசைகளுக்கு நடுவே மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மாமி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "இது கடுகுலா? இம்புட்டுக் கடுகையும் தாளிச்சா திங்காங்க?" என்றார். அது மண்ணுக்கு உரமாக, அழகுக்காக என்று ரியாஸ் விளக்கினார். "அப்ப பறிக்க மாட்டாங்களா?" என்றார் மாமி. அமெரிக்காவைப் பற்றி அவருக்கு அதுவரை இருந்த மரியாதை அந்த இடத்தில் கொஞ்சம் குறைந்ததை நான் பார்த்தேன்.

மரவீட்டின் சொந்தக்காரி லின்டா, வெள்ளி முடியும் முத்துமாலையுமாக வாசலிலேயே வரவேற்றாள். தட்டில் நான்கு கோப்பை ஒயின். நாங்கள் குடிப்பதில்லை என்றார் ரியாஸ். "ஓ, இது ரொம்ப லைட்," என்றாள். குடிப்பதேயில்லை என்றேன் நான். "அப்ப உங்களுக்கு ஸ்பார்க்ளிங் சரியா இருக்கும்," என்று உள்ளே போய் வேறொரு புட்டியைக் கொண்டுவந்தாள். மூன்றாவது முறை மறுத்தபோது அவள் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. குடித்துக் கெட்டு, மருத்துவம் பார்த்து மீண்ட குடும்பம் என்று எங்களை முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. "ரொம்பப் பெருமைப்பட வேண்டிய விஷயம்," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அப்போதுதான் காரிலிருந்து சஃபா இறங்கினாள்.

லின்டாவின் புன்னகை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த லின்டாதான் எங்கோ போய்விட்டாள். "பிள்ளை ரொம்ப அழகு. ஆனா இங்க பெரியவங்க மட்டும்தான். மத்த விருந்தாளிங்க அமைதிக்காக வர்றாங்க. புரிஞ்சுப்பீங்கன்னு நம்புறேன்," என்றாள். ரியாஸ் அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, முட்டி வலி பொறுக்காமல் உட்கார இடம் தேடி, திறந்திருந்த முதல் அறைக்குள் மாமி நுழைந்துவிட்டார். அது எங்கள் அறை. நானும் பின்னாலேயே போனேன். அகலமான கட்டில், வெள்ளைப் பட்டு விரிப்பு, அதன்மேல் தலையிலிருந்து கால்வரை சிவப்பு ரோஜா இதழ்கள், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி.

மாமி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னளா இது, தர்காவுல போர்வ போத்தி பூப் போட்ட மாதிரி இருக்கு," என்றார் தாழ்ந்த குரலில். "இந்த வீட்டுல யாரும் மவுத்தா?" என்று சாவு வீட்டில் நிற்பவர்போலக் கேட்டார்.

எங்களுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?  மாமி கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெழுகுவர்த்தியைப் பார்த்தார். நான்கு பிள்ளை பெற்றவர். விஷயம் பிடிபட அதிக நேரம் ஆகவில்லை.

வெளியிலிருந்து ரியாஸ் வந்து, "பிள்ளைக்கு ரூம் சின்னதா இருக்காம் உம்மா, வேற எடம் பாக்கலாம்," என்று நடந்ததைக் கௌரவமாக மொழிபெயர்த்தார்.

"பிள்ளைய வேண்டாம்னு சொல்லுதா. அது எனக்கு மொழி தெரியாட்டாலும் தெரியுது," என்றார் மாமி. "வார வழியில ஒரு எடத்துல சுடுதண்ணிப் புகை வந்துச்சே, அங்கன கொண்டு விடு. நானும் இவளும் இருந்துக்கிடுதோம். நீங்க ரெண்டு பேரும் இங்கன இருங்க."

"அதெப்படி உம்மா, தனியா..."

"நான் என்ன பிள்ளையா? இவதான் பிள்ளை. இவளுக்கு இங்கிலீசு தெரியும்."

"ஐ கேன் டேக் கேர் ஆஃப் ஹெர்," என்றாள் சஃபா, மிகுந்த பொறுப்போடு.

புகை வந்த இடம், ரியாஸ் முதலில் சொன்ன அதே மோட்டல். இதை அவர் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டாமலிருப்பதை நான் கவனிக்கும்படி பார்த்துக்கொண்டார். அதை நடத்திக்கொண்டிருந்தவர் குஜராத்தைச் சேர்ந்த ஹன்சாபென். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமிக்கு இந்தி தெரியாது. இருவரும் அவரவர் மொழியில் முட்டியைக் காட்டிக்காட்டிப் பேசிக்கொண்டார்கள். குளத்தின் சுவரில் நீச்சலுடை மட்டுமே அனுமதி என்று பலகை இருந்தது. ஹன்சாபென் அதன் கொக்கியில் ஒரு துண்டை மாட்டி எழுத்தை மறைத்துவிட்டு, மாமியைப் பார்த்துத் தலையசைத்தார். வந்து மூன்று மாதத்தில் மாமிக்கு அமெரிக்காவில் கிடைத்த முதல் தோழி.

ஆக, கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, மதியம் மூன்று மணிக்கு, நானும் என் கணவரும் ஓர் அறையில் தனியாக விடப்பட்டோம். கதவில் பூட்டு இருந்தது. ரோஜா இதழ்களை ஒதுக்கிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். எதிரே லேஸ் வைத்த நாற்காலியில், ஒடிந்துவிடுமோ என்ற பயத்தோடு அவர் உட்கார்ந்தார். சஃபாவின் கணக்கு டீச்சரைப் பற்றிப் பேசினோம். காரின் டயரைப் பற்றிப் பேசினோம்.  அவர் பாக்கெட்டிலிருந்து பிளாக்பெர்ரியை எடுத்தார், பார்த்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இங்கயுமா?" என்றேன்.

போனைக் குப்புறப் போட்டார். "எங்க டீமை மொத்தமா சென்னைக்கு மூவ் பண்றாங்க," என்றார். "இங்க இருக்குறவங்கள்ல பாதிப் பேருக்கு வேலை போகும். என்னைய அங்க போய் லீட் பண்ணச் சொல்றாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"எப்பத் தெரியும்?"

"சஃபாக்கு லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்துச்சுல்ல, அந்த வாரம்."

அந்த வாரம் முழுவதும் நான் அவருக்குத் தலையணை விமர்சனங்களை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவரும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் சொல்லலை?"

"வீட்ல எங்க சொல்றது? உம்மா காதுல விழுந்தா அன்னைக்கே பெட்டி கட்டிருவாங்க. உன்கிட்ட சொன்னா..."  ஜன்னலுக்கு வெளியே லின்டா குடை பிடித்துக்கொண்டு ரோஜாச் செடிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குப் போகணும்போல இருக்கு நசீமா. வேலை போயிருமேன்னு மட்டும் இல்ல. இங்க மீட்டிங்ல நான் ஒரு ஜோக் சொன்னா, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்றாங்க. ரெண்டாவது தடவ சொல்றப்ப எனக்கே சிரிப்பு வர்றதில்ல. எட்டு வருசமா இப்படித்தான்."

என்னிடம் அவர் ஒருபோதும் இப்படிப் பேசியதில்லை. அவருக்காக என் மனம் இளகியது. அதே நேரத்தில் பயமாகவும் இருந்தது. அவர் சொல்வது நியாயம் என்று ஒத்துக்கொண்டால் அடுத்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே முந்திக்கொண்டேன்.

"நான் வரலைங்க," என்றேன்.

அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார், அல்லது சரி என்பேன் என்று. இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருப்பார், பொறியாளர் அல்லவா. 

"அங்கயும் காலேஜ் இருக்கு," என்றார் மெதுவாக.

"இருக்கு. அங்க போனா முதல்ல வீடு செட் பண்ணணும், சஃபாவ ஸ்கூல்ல சேக்கணும், உம்மாவப் பாக்கணும். அப்புறம் பாக்கலாம்னு நீங்க சொல்வீங்க. நானும் சரிம்பேன். ஏழு வருசம் அந்த 'அப்புறம்'லதான் இருந்தேன். இப்பத்தான் ஒரு எடத்துல என் பேர் போட்ட கோட்டு தொங்குது."

நீண்ட நேரம் பேசினோம். குரல் உயர்ந்ததும் உண்டு. பக்கத்து அறைக்காரர் ஒருமுறை சுவரைத் தட்டினார். அமைதிக்காக வந்தவர் பாவம், பிள்ளை இல்லாமலே அது கெட்டது. எந்த முடிவும் வரவில்லை. ஆனால் அவர் எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் பத்து வருட வாழ்க்கையில் ஆக நீளமான உரையாடல் அதுதான். பத்தாம் ஆண்டு நிறைவுக்கு நான் கேட்டது கிடைத்துவிட்டது. கேட்கும்போது இன்னும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டிருக்கலாம்.

மறுநாள் காலை உணவுக்கு எல்லோரும் ஒரே நீண்ட மேசை. முந்தின நாள் பார்த்த இரக்கம் மாறாமல் லின்டா எங்களுக்கு மட்டும் ஆரஞ்சுச் சாறு வைத்தாள். எதிரே இருந்த தம்பதி, நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். குபெர்டினோ என்றேன். "இல்ல, உண்மையில எந்த ஊர்?" என்றார் அந்த மனிதர், மிகவும் அன்பாக. நான் வாயைத் திறப்பதற்குள் ரியாஸ், "அதைத்தான் நேத்துலருந்து பேசிக்கிட்டிருக்கோம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேசையே சிரித்தது. அதைத் திருப்பிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. ரியாஸ் மட்டும் சிரிக்கவில்லை.

மோட்டலுக்குப் போனபோது, மாமி முழுக்கை நைட்டியும் தலைத்துணியுமாக இடுப்பளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தார். கரையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஹன்சாபென். சஃபா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இட் ஸ்மெல்ஸ் லைக் எக்ஸ்," என்று அறிவித்தாள். ரியாஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்து, சென்னை விஷயத்தை உம்மாவிடம் சொன்னார். நான் வரவில்லை என்பதையும் சொன்னார். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: அழுகை, ஆறுதல், ஊரில் யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்ற பட்டியல். அதற்கெல்லாம் பதில் நான் தயாராக வைத்திருந்தேன்.

மாமி தண்ணீரைக் கையால் அளைந்தார். "எனக்கு இன்னும் மூணு மாசம் விசா இருக்குல்லா?" என்றார்.

"இருக்கு உம்மா. எங்கூடவே வந்துருங்க. டிக்கெட்ட மாத்திரலாம்."

"நீ போ. நான் இவகூட இருந்துட்டு வாரேன்."

"உம்மா..."

"அங்கன வந்தா என்ன செய்ய? நீ ஆபீசே கதின்னு கெடப்ப. நான் ஃபிளாட்டுக்குள்ள ஒத்தைல செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும். இவ வேலைக்குப் போனா பிள்ளைய யாரு பாப்பா?" பிறகு என் பக்கம் திரும்பி, "மாசத்துக்கு ஒருக்கா இங்கன கூட்டிட்டு வருவியாளா? முட்டிக்கு நல்லா எளக்கமா இருக்கு," என்றார்.

என் கட்சிக்கு மாமி வந்துவிட்டார் என்று நான் ஏமாறவில்லை. அவர் சேர்ந்தது வெந்நீரின் கட்சி. இருந்தாலும் ஓட்டு ஓட்டுதான். ரியாஸ் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். உம்மா காதில் விழுந்தால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவார் என்று இத்தனை வாரம் பயந்தவர், உம்மாவையே கலிபோர்னியாவில் விட்டுவிட்டுப் போகப்போகிறார். அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டார்; கந்தகம் என்றார். வேதியியல் படித்தவளிடம் சொல்கிற பொய்யா அது?

ஏப்ரலில் அவர் போனார். அவரது கம்பெனியே அனுப்புவதால் கிரீன்கார்டு விண்ணப்பம் உயிரோடு இருக்கும் என்று வக்கீல் சொன்னார். ஒரு வருடம் பார்க்கலாம் என்று பேச்சு. விசா முடிகிற மட்டும் மாமி எங்களோடு இருந்தார். சொன்னபடி மாதம் ஒருமுறை கூட்டிப்போனேன். அவர் கிளம்பிய பிறகு வீட்டில் நானும் சஃபாவும் மட்டும். கோடை விடுமுறையில் நாங்கள் சென்னைக்குப் போனோம், டிசம்பரில் அவர் இங்கே வந்தார். சென்னையில் அவர் உற்சாகமாக இருக்கிறார், எடை கூடியிருக்கிறார், மீட்டிங்கில் சிரிக்கிறார்களாம். எனக்கும் இங்கே பதவி உயர்ந்தது. இப்போது நான் உடைந்த குடுவைகளைப் பொறுக்குவதில்லை, பொறுக்கச் சொல்கிறேன். யாருக்கும் குறையில்லை. ஊரில் யாராவது விசாரித்தால் இதையே சொல்கிறோம்.

டிசம்பரில் அவர் வந்த அன்று, பெட்டியை வரவேற்பறைத் தரையில் வைத்துத் திறந்தார். அலமாரியில் வைக்கலாமே என்றேன். உள்ளே போய்க் கதவைத் திறந்தார். அவர் பக்கம் முழுவதும் என் கோட்டுகளும், சஃபாவுக்குச் சின்னதாகிப்போன குளிர் ஜாக்கெட்டுகளும் தொங்கின. நான் பதறி நகர்த்தப் போனேன். "இருக்கட்டும் நசீமா, மூணு வாரம்தானே," என்று சொல்லி, இரண்டு சட்டைகளைக் குளியலறைக் கதவுக் கொக்கியில் மாட்டிக்கொண்டார். மற்றவை பெட்டியிலேயே கிடந்தன. அவருடைய சென்னை வீட்டில் எனக்காக ஓர் அலமாரியின் பாதி காலியாக இருக்கிறது. கோடையில் நான் பார்த்தேன். தட்டுகளில் புதுச் செய்தித்தாள் விரித்து, ஓரங்களை மடித்து, ஹேங்கர்கள்கூட வரிசையாக மாட்டியிருந்தார். நானும் அங்கே இருந்த நாளெல்லாம் என் பெட்டியைத் தரையில்தான் வைத்திருந்தேன்.